ஊசி நோட்டு

திங்கட்கிழமை விடிகாலை, அடுப்பில் பால் வைப்பதற்கு முன்பே போனில் ஒரு குரல் பதிவு வந்துவிட்டது. "திருப்பூர் முடிஞ்சுதுங்க. தீபாவளிக்குள்ள பாதி கம்பெனி பூட்டு." பேசியது யார், எந்தக் கம்பெனி, ஒன்றும் கிடையாது. ராத்திரிக்குள் நான்கு பேர் எனக்கே அனுப்பிவிட்டார்கள். குரல் பதிவுகள் மேல் எனக்குள்ள கோபம் இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குப் பழசு. இந்த வாரம் அது தலைக்கேறிவிட்டது.

2023 மார்ச்சை அதற்குள் மறந்துவிட்டோமா? வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோ பரவியது. ஒன்று பீகார் ஆட்களே தங்களுக்குள் மோதிக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் சண்டை என்று அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு விளக்கினார். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து விசாரித்துப் போனது. ஆனால் எங்கள் சந்தில் இருந்த வடமாநிலப் பையன்கள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. பிசைந்த மாவை அப்படியே போட்டுவிட்டு ரயில் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்கள்.

அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 முதல் போட்ட 50 சதவீத வரி பொய்யில்லை. நம் திருப்பூர் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மனசு ஊசி நோட்டுக்கே போகிறது.

ஏற்றுமதி கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த நோட்டைத் தெரியும். தைக்கும்போது ஊசி உடைந்தால் மிஷினை உடனே நிறுத்த வேண்டும். துணியை உதறக்கூடாது. காந்தத்தைத் தரையெல்லாம் இழுத்து எல்லாத் துண்டையும் பொறுக்கி, ஒரு முழு ஊசியாகச் சேர்த்து, தேதி, நேரம், மிஷின் நம்பரோடு நோட்டில் செல்லோடேப் போட்டு ஒட்ட வேண்டும். அப்புறம்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அந்த பண்டலையே ஒதுக்கி மெட்டல் டிடெக்டரில் விடுவார்கள்.

நான் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்த புதுசு. குழந்தைகள் டி-சர்ட். ஊசி உடைந்தது, நுனியைக் காணோம். லைனே பார்க்க நிற்க வைத்துத் திட்டுவார்கள், அங்கே அது வழக்கம். மறைத்துவிட்டேன். பக்கத்து மிஷின்காரியிடம் கடனாக ஒரு ஊசி வாங்கி மாட்டித் தைத்தேன். இரண்டு ராத்திரி தூக்கமில்லை. கண்ணை மூடினால், பேர் தெரியாத ஊரில் ஒரு குழந்தை கழுத்தைப் பிடித்துக்கொண்டு அழுகிறது. சோற்றில் கை வைத்தால் ஊசியாகத் தெரிகிறது.

மூன்றாம் நாள் செக்கிங் அக்காவிடம் போய் அழுதேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "எந்த பண்டல் கண்ணு?"

பண்டல் இன்னும் செக்கிங் டேபிளிலேயே இருந்தது. ஒவ்வொரு பீஸாகத் தோள் தையலை விரலால் தடவினார். நானும் தடவினேன். இருபதுக்கு மேல் போயிருக்கும், கிடைத்தது. அரிசி நொய்யை விடச் சின்னது. இரண்டு நாளாக என் தலைக்குள் அது கடப்பாறையாக இருந்தது. நோட்டில் ஒட்டும்போது எனக்குக் கை நடுங்கவில்லை. லைனில் நிற்க வைத்துத் திட்டத்தான் செய்தார்கள். அன்று ராத்திரி தூங்கினேன்.

செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். உசிலம்பட்டிக்காரி, சிங்கர் டெய்லர். "அக்கா, பேசாம பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு ஊருக்கே போயிரலாமான்னு இருக்கு" என்றாள். கையில் போன், அதே குரல்.

பழைய காலண்டர் தாளைத் திருப்பி அவளிடம் கொடுத்தேன். உன் கம்பெனி சரக்கு எங்கே போகிறது? யோசித்தாள். காதர்பேட்டை மார்க்கெட்டுக்கு. உள்நாட்டுச் சரக்கு, அமெரிக்க வரி அதன்மேல் விழவில்லை. எழுதினாள். வாடகை எவ்வளவு, சீட்டு எத்தனை மாதம் பாக்கி, ஸ்கூல் பீஸ் கட்டியாயிற்றா? எழுதினாள். வீட்டுக்காரர் கம்பெனி? பேனா நின்றது. அவர் பேக்கிங்கில் இருக்கிறார், அமெரிக்க ஆர்டர். பத்து நாளாக ஓவர்டைம் இல்லை. அந்தத் துண்டு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. அந்த வரிக்கு நேராக இடம் விட்டுவிட்டு, தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

இன்று சனிக்கிழமை. சம்பளம் வாங்கும்போது மேனேஜரிடம் நேராகவே கேட்டுவிட்டு வருகிறேன் என்று அவள் வீட்டுக்காரர் போயிருக்கிறார். மணி ஒன்பதரை. அவள் வாசலில் உட்கார்ந்து சின்னவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறாள். தாள் பக்கத்தில், பேனாவை மேலே வைத்தபடி இருக்கிறது.