மீண்டது ஒரு குதிரை

குதிரையின்பால் வீரன் கொள்ளும் அன்பைப் புகழாத நாடு இல்லை. அவ்வன்பை மதித்து நடந்த அரசுகளோ மிகச் சிலவே.

முதல் உலகப் போருக்கு ஆஸ்திரேலியா 1,30,000-க்கு மேற்பட்ட குதிரைகளை அனுப்பிற்று. பாலைநிலத்தில் வீரனின் உயிர் குதிரையின் கால்களில் இருந்தது. குதிரையின் உயிர் அவன் தேடித் தரும் நீரில் இருந்தது. 1917 அக்டோபர் 31 மாலை, நெடுநேரம் நீரின்றி வாடிய குதிரைகள், கிணறுகள் மிகுந்த பீர்ஷெபா நகரை நோக்கிப் பீரங்கிகளுக்கு எதிரே பாய்ந்தன. நகரம் வீழ்ந்தது.

போர் முடிந்தது. நோய் பரவும், செலவு மிகும் என்று கூறி அரசு அவற்றை அழைத்துவர மறுத்தது. முதுமையுற்றவை சுட்டுக் கொல்லப்பட்டன, பிற, வேறு படைகளுக்குத் தரப்பட்டன, சில விற்கப்பட்டன. தாயகம் மீண்டது சாண்டி ஒன்றே. 1915-இல் கல்லிபோலிப் போரில் காயமுற்று இறந்த தளபதி பிரிட்ஜஸின் குதிரை அது.

நோய் பற்றிய அச்சம் பொய்யன்று. ஆயினும், இங்கிலாந்தில் மூன்று திங்கள் மருத்துவர் கண்காணிப்பில் இருந்த பின்னரே சாண்டி 1918-இல் கப்பலேறிற்று. அவ்வழி வேறு சிலவற்றிற்கேனும் திறந்திருத்தல் கூடாதோ? செலவு என்பது அதனினும் எளிய சாக்கு. கொண்டு செல்லக் கப்பல்கள் கிடைத்தனவன்றோ!

வீரர்கள் மறந்தாரல்லர். 1950-இல் அப்பாலைப் படையினரும் அவர்தம் நண்பரும் தம் குதிரைகட்குச் சிட்னி நகரில் நினைவுச் சின்னம் நாட்டினர். அரசு கணக்கை முடித்து அப்பொழுது முப்பது ஆண்டுகள் சென்றிருந்தன.