முதல் நாள் ஜுரத்துக்கு அத்தாட்சி எதற்கு?

ஜவுளிக் கடையோ, கணினிக் கம்பெனியோ, ஆட்களை வைத்து வேலை வாங்கும் இடம் எதுவானாலும், அங்கே நிர்வாகிகள் மனத்தில் மட்டுமின்றி, ஒழுங்காக வேலைக்கு வரும் சக ஊழியர்கள் மனத்திலும் ஆழ வேரூன்றிய ஓர் அபிப்பிராயம் உண்டு: மெடிக்கல் சர்டிபிகேட் கேட்காமல் லீவு கொடுத்தால், உடம்பு சரியில்லை என்று சொல்லி ஆளாளுக்கு வீட்டில் இருந்துவிடுவார்கள் என்பதே அது. ஆகவே ஒரு நாள் ஜுரத்துக்கும் டாக்டரின் கையெழுத்தைக் கேட்பது நியாயமான கட்டுப்பாடாகவே கருதப்பட்டு வருகிறது. இந்தக் கட்டுப்பாட்டுக்குப் பொய்யைத் தடுக்கும் சக்தி கிடையாது என்பதையும், மெய்யாகவே நோயுற்றவரை இது தண்டிக்கிறது என்பதையும் எடுத்துரைப்பது என் கடமை என்று கருதுகிறேன்.

அந்தச் சர்டிபிகேட் எதற்குப் பிரமாணம் என்று முதலில் விசாரிப்போம். எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே காட்டும். டெங்கு ரத்தப் பரிசோதனையில் தெரியும். ஆனால் ஒற்றைத் தலைவலியையும், மாதவிடாய் நாளின் இடுப்பு வலியையும், இரவெல்லாம் படுத்திவிட்டு விடிகாலையில் அடங்கிவிட்ட வயிற்றுப்போக்கையும் எந்தக் கருவியால் வைத்தியர் அளப்பார்? என்ன செய்கிறது என்று அவர் கேட்கிறார், நோயாளி சொல்கிறார், சொன்னதை எழுதி, பதிவு எண்ணோடு முத்திரையிட்டுத் தருகிறார். ஊழியர் போனில் சொன்னபோது நம்பத் தகாததாக இருந்த அதே வார்த்தை, கட்டணம் செலுத்தி வாங்கிய காகிதத்தில் ஏறியவுடன் சத்தியமாகிவிடுகிறது. கல்லாப்பெட்டியையும் கிடங்குச் சாவியையும் ஒருவரிடம் நம்பி ஒப்படைக்கும் நிர்வாகம், அவர் தம் உடம்பைப் பற்றிச் சொல்லும் சொல்லை மாத்திரம் நம்ப மறுப்பதற்கு எந்த நியாயமும் எனக்குப் புலப்படவில்லை.

இதனால் கஷ்டப்படுகிறவர் யார்? படுத்து உறங்கினால் இரண்டு நாளில் தேறிவிடக்கூடிய ஜுரத்தோடு பஸ் ஏறி, அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நின்றோ, தனியார் கிளினிக்கில் பணம் கொடுத்தோ, நோய்க்கு வேண்டிய ஓய்வைக் காகிதத்துக்குச் செலவிடும் ஏழை ஊழியரே. அந்தச் செலவுக்கும் சிரமத்துக்கும் அஞ்சி, மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு அவர் வேலைக்கே வந்துவிட்டாலோ, பக்கத்தில் நிற்பவர்களுக்கும் நோய் பரவுகிறது. தொற்று நோய் உடையவர்களை உணவு தயாரிக்கும் இடத்தில் அனுமதிக்கலாகாது என்று உணவுப் பாதுகாப்பு விதிகள் சொல்லுகின்றன. முதல் நாளே சர்டிபிகேட் கேட்கும் ஹோட்டல் நிர்வாகம், அத்தகைய ஊழியரைத் தானே சமையற்கட்டுக்குள் தள்ளுகிறது. பொய் சொல்லத் துணிந்தவருக்கோ ஒரு தடையும் இல்லை. வைத்தியர்கள் தாங்கள் தரும் அத்தாட்சிகளுக்குப் பதிவேடு வைக்க வேண்டும் என்றும், பொய்ச் சான்று தந்தால் நடவடிக்கைக்கு ஆளாவார்கள் என்றும் மருத்துவக் கவுன்சில் 2002-இல் விதி வகுத்தது. அப்படியிருந்தும், காசுக்கு எழுதித் தருபவர்கள் எந்த ஊரிலும் அற்றுப்போய்விடவில்லை.

நோய்க்கால விடுப்பு முதலாளி மனமிரங்கி அளிக்கும் தானமன்று என்பதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், நோய்க்கென்றே ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு கூடிய விடுப்பை உரிமையாக்கியிருக்கிறது. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில், தகுதியுள்ள தொழிலாளிக்கு ஆண்டுக்கு 91 நாள் வரை, ஊதியத்தில் 70 சதவிகிதம் கிடைக்கிறது. பலருடைய சந்தாவால் சேர்ந்த பொது நிதியை நீண்ட நோய்க்காக வழங்கும்போது வைத்தியரின் சான்றைக் கேட்பது நியாயமே. ஆனால் அத்திட்டத்தில் புதிதாக வரும் நோயின் முதல் இரண்டு நாட்களுக்குப் பொதுவாகப் பணம் கிடையாது. ஆகையால் சிறு நோய்க்கு முதலாளி தரும் விடுப்பே தொழிலாளிக்குக் கதி. அந்த விடுப்பின் வாசலிலும் சர்டிபிகேட்டைக் காவல் வைத்தால், உரிமை ஏட்டளவில் நின்றுவிடுகிறது.

சர்டிபிகேட்டுக்குப் பிரயோஜனமே இல்லையா என்று கேட்பவர்கள் ஸ்வீடன் தேசத்து உதாரணம் ஒன்றைக் காட்டக்கூடும். அங்கே 1988-இல், கோதன்பர்க் நகரத்திலும் ஜெம்ட்லண்ட் பிரதேசத்திலும், எட்டாவது நாளில் கேட்க வேண்டிய வைத்தியச் சான்றை ஒரு சாராருக்குப் பதினைந்தாவது நாள் வரை தள்ளிவைத்துப் பார்த்தபோது, அவர்களுடைய விடுப்பு நீண்டது உண்மை. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பரீட்சை இரண்டாவது வாரத்தைப் பற்றியது. முதல் வாரத்தில் சான்று வேண்டும் என்ற நிபந்தனை இரு சாராருக்குமே இருக்கவில்லை. பிரிட்டனிலும் 1982 முதல், நோயின் முதல் ஏழு நாட்களுக்குத் தொழிலாளி தாமே எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம் போதும் என்ற ஏற்பாடு நடைமுறையில் இருந்து வருகிறது. நோய் நீளும்போது வைத்தியர் சான்றுக்கு வேலை உண்டு. முதல் நாளில் அதற்கு வேலை இல்லை என்பதையே இவ்விரண்டும் உணர்த்துகின்றன.

ஆகவே நிர்வாகங்கள் செய்ய வேண்டியது கடினமானதன்று. மூன்று நாள் வரையிலான நோய்க்கு ஊழியர் தம் கைப்பட எழுதிய கடிதத்தை ஏற்றுக்கொள்ளட்டும். அதற்கு மேல் நீண்டால் வைத்தியரின் சான்றைக் கேட்கட்டும். திங்கட்கிழமைதோறும் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால், அவரை மட்டும் தனியே அழைத்து மரியாதையோடு காரணத்தை விசாரிக்கட்டும். ஒரு சிலர் பொய் சொல்லக்கூடும் என்பதற்காக, நோயில் விழுந்த ஒவ்வொருவரையும் குற்றவாளிபோல் அத்தாட்சி தேடி அலையவிடும் வழக்கம் தர்மமாகாது. அதை இன்றே கைவிடுவதுதான் உழைப்பவர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய குறைந்தபட்ச மரியாதை.