அலைமேகமும் ஆடி விதைப்பும்

ஆடி மாதத்தில் மேல்காற்று பலமாக வீசும் நாட்களில், சேலம், நாமக்கல் சமவெளிகளின் ஆகாயத்தில் மேகங்கள் உழவுசால்களைப்போல வரிசை வரிசையாக நிற்பதைக் காணலாம். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவே வெளிவானம் தெரியும். இம்மேகத்தைக் கண்டதும் மழை நெருங்கிவிட்டதென்று எண்ணி, மானாவாரி நிலத்தில் நிலக்கடலை விதைத்துவிடுவோர் உளர். விதைக்கடலை விற்கும் விலையில் இது சிறிய விஷயமன்று. புழுதியில் விழுந்த பருப்பு எறும்புக்கும் எலிக்கும் இரையாகும்; அரைகுறை ஈரத்தில் முளைத்தாலோ, சில நாட்களில் வாடிப்போகும். ஆகையால் இம்மேகம் எதைத் தெரிவிக்கிறது, எதைத் தெரிவிப்பதில்லை என்பதை விவசாயிகள் அறிந்துகொள்வது அவசியம்.

வாய்க்காலில் ஓடும் நீரினடியில் ஒரு கல் கிடந்தால், அதைத் தாண்டியதும் நீர் ஏறியிறங்கி அலைகளாக நிற்கும். நீர் ஓடிக்கொண்டேயிருக்கும், அலை மட்டும் இடம் பெயராது. காற்றின் ஓட்டத்தில் சேர்வராயன் மலை அத்தகைய கல்லாகும். அதன் சிகரம் சேலம் சமவெளிக்குமேல் 1,300 மீட்டருக்கு அதிகமாக உயர்ந்து நிற்கிறது. மலையால் மேலே தள்ளப்பட்ட காற்று, தன் பழைய மட்டத்துக்கே திரும்ப முயலும் ஸ்திர நிலையில் இருந்தால், மலைக்கு அப்பாலும் பல மைல் தூரம் ஏறியிறங்கிச் செல்லும். மேகம் உண்டாகுமுன் காற்று 100 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 1 டிகிரி சென்டிகிரேட் குளிரும். எனவே, போதிய ஈரமுள்ள காற்றாயின், அலையின் முடியில் நீராவி நுண்துளிகளாகி மேகம் தோன்றுகிறது. பள்ளத்தில் இறங்கும்போது வெப்பமடைந்து அத்துளிகள் மறைகின்றன. பலத்த காற்றிலும் மேகம் நின்ற இடத்திலேயே நிற்பதன் காரணம் இதுவே.

மலையில்லாமலும் அலை எழுவதுண்டு. மேலடுக்குக் காற்று கீழடுக்கைவிட வேகமாக ஓடும்போது, ஏரிநீரின்மேல் காற்று அலையெழுப்புவதுபோல, இரண்டும் சந்திக்குமிடத்தில் அலைகள் தோன்றிச் சுருண்டு உடையும். இதனை ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1868-லும், கெல்வின் பிரபு 1871-லும் ஆராய்ந்தனர். இவ்வகை மேகம் நீடித்து நிற்பதில்லை.

இவற்றிலிருந்து மழை எதிர்பார்க்கலாமா? ஒரு மழைத்துளி உண்டாக ஏறக்குறைய 10 லட்சம் மேகத்துளிகள் ஒன்றுசேர வேண்டும். அலைமுடியைக் காற்று சில நிமிஷங்களில் கடந்துவிடுவதால், துளிகள் பெருக்க அவகாசமில்லை. ஆவணி, புரட்டாசி மாலைகளில் இச்சமவெளிக்கு மழை தருவது பெரும்பாலும் கறுத்த அடியோடு கோபுரம்போல் உயர்ந்தெழும் இடிமேகமே.

இதைக்கொண்டு, பெரியோர் கூறும் வானக்குறிகள் யாவும் வீண் என்று தள்ளுவது நியாயமன்று. அவர்கள் காற்றின் திசையையும் பருவத்தையும் சேர்த்தே பார்த்தனர். மேகத்தின் வடிவத்தைமட்டும் தனியே பிடித்துக்கொள்வதுதான் பிசகு. படித்தவர்க்கும் வானத்தைப் பார்க்கும் வேலை முடிந்துவிடவில்லை. உலக வானிலை ஸ்தாபனம் 2017-இல் வெளியிட்ட மேகப் பதிப்பில் அலைபோன்ற இரண்டு மேக வடிவங்கள் புதிதாகச் சேர்க்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, சாதாரண ஜனங்கள் எடுத்தனுப்பிய புகைப்படங்களின் பயனாக இடம் பெற்றதாகும்.

இந்த ஜில்லாக்களுக்கு அத்தகைய கவனிப்பு இன்னும் அதிகம் தேவை. முன்னறிவிப்பு ஒரு ஜில்லா முழுமைக்கும் ஒன்றாக வரலாம். மலையோ ஜில்லாவை இரண்டாகப் பிரிக்கிறது. மேல்காற்றுக் காலத்தில் சேர்வராயன் மலைக்கு அப்புறமாக வாழப்பாடிப் பக்கம் இருக்கிறது. ஐப்பசியில் கீழ்காற்று திரும்பியதும், கொல்லிமலைக்கு அப்புறமாகச் சேந்தமங்கலம் அமைகிறது. அடங்கல் எழுதும் கிராம அதிகாரி, அலைமேகம் தோன்றிய தேதி, காற்றின் திசை, மேகம் நின்றதா நகர்ந்ததா, மறுநாள் காலைவரை பெய்த மழை ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துவருவாராயின், சில வருஷங்களில் அவ்வூருக்கென்றே ஒரு கணக்குக் கிடைக்கும். செலவு ஒரு மழைமானியும் ஒரு நோட்டுமே. விதைப்பவரோ, மேகத்தைப் பார்ப்பதற்குமுன் மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் தோண்டி, அடியில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும்.