அரை விநாடியில் சிக்கிய ரகசிய வாசல்!

போனில் அப்டேட் கேட்டால் 'ஓகே' தட்டிவிட்டு வேறு வேலையைப் பார்ப்போம். நூறு லினக்ஸ் சர்வர்களைக் கட்டி மேய்க்கும் அட்மினால் அப்படித் தட்ட முடியாது. 2024 மார்ச்சில் நடந்த கதையைக் கேட்டால் காரணம் புரியும்.

மைக்ரோசாஃப்ட் இன்ஜினீயர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், டெபியன் லினக்ஸில் ஒரு டேட்டாபேஸின் வேகத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். தொலைவிலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.ஹெச்சில், லாக்-இன் ஆக வழக்கத்தைவிட அரை விநாடி அதிகமானது. நாமாக இருந்தால் 'நெட் ஸ்லோ' என்று விட்டிருப்போம். அவர் தோண்டிப் பார்த்தார். ஃபைல்களைச் சுருக்கும் 'எக்ஸ்.இசட்' சாஃப்ட்வேரின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ரகசிய வாசல் ஒன்று ஒளிந்திருந்தது. மார்ச் 29 அன்று உலகுக்குச் சொன்னார்.

அதை வைத்தது வெளியாள் இல்லை. 'ஜியா டான்' என்ற பெயரில் இரண்டு வருடங்களுக்கும் மேலாக உதவி செய்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, வெளியீட்டுப் பொறுப்பையே கையில் வாங்கியவர். லினக்ஸ் சாஃப்ட்வேர்கள் 'ரெப்பாசிட்டரி' எனும் கிடங்கிலிருந்து டிஜிட்டல் கையெழுத்தோடுதான் வருகின்றன. அந்தக் கையெழுத்து, அனுப்பியது யார் என்று சொல்லும். உள்ளே இருப்பது நல்லதா என்று சொல்லாது.

புதுப் பதிப்பு டெபியனின் சோதனைக் கிடங்குகளோடு நின்றிருந்தது. சர்வர்கள் நம்பியிருக்கும் 'ஸ்டேபிள்' கிடங்குக்கு அது வரவேயில்லை. நல்லவேளை!

அதற்காக அப்டேட்டே வேண்டாம் என்று இருக்கவும் முடியாது. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் சாஃப்ட்வேரின் ஓட்டைக்கு 2017 மார்ச்சில் தீர்வு வந்தது. அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் நிறுவனம் அதைப் போடாமல் விட்டது. மே மாதம் உள்ளே புகுந்தார்கள். சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போயின.

அதனால் அனுபவசாலி அட்மின்கள் சொந்தமாக ஒரு கிடங்கு வைத்துக்கொள்கிறார்கள். ஆப்ட்லி, பல்ப் போன்ற கருவிகள் இதற்கு உதவும். பொதுக் கிடங்கை அப்படியே நகலெடுத்து, தேதி போட்டு வைப்பார்கள். முதலில் இரண்டு மூன்று சோதனை சர்வர்கள். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்க்கிற கதைதான். பிரச்னை இல்லையென்றால் மற்ற சர்வர்களுக்கு, அதுவும் பகுதி பகுதியாக. பாதுகாப்பு அப்டேட்டுகளுக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு குறைவு.

இன்னொரு லாபமும் உண்டு. எக்ஸ்.இசட் மாதிரி சேதி வரும் நாளில், 'நம் சர்வர்களில் எந்தப் பதிப்பு இருக்கிறது?' என்பதுதான் முதல் கேள்வி. சொந்தக் கிடங்கிலிருந்து மட்டுமே அப்டேட் தருகிறவர், அந்தப் பதிப்பு உள்ளே வந்ததா என்று ஒரே இடத்தில் பார்த்துவிடலாம். மற்றவர்கள் ஒவ்வொரு சர்வராக நுழைந்து பார்க்க வேண்டும். அதுவும் அதே எஸ்.எஸ்.ஹெச் வழியாக!