போகுமிடம் தெரிந்த கால்கள்

ஐம்பது வயதைத் தாண்டிய அன்பர்கள் தேகாப்பியாசத்தில் இறங்குவதை அரூரில் நாம் அடிக்கடி காண்கிறோம். முதல் வாரம் உற்சாகம் கரைபுரளும். இரண்டாம் வாரம் முழங்கால் முறையிடும். மூன்றாம் வாரம் செருப்பு திண்ணையோரம் ஓய்வு கொள்ளும். சோம்பலே காரணம் என்பார்கள். நாம் அவ்வாறு கருதவில்லை. தேக நலம் என்பது போய்ச் சேரும் ஊர் அன்று; போகுமிடம் தெரியாத கால் விரைவில் சோர்ந்துவிடுகிறது.

போகுமிடம் தெரிந்தவர்களைப் பாருங்கள். ராஜாஜி, அந்நாளில் அரூரையும் உள்ளடக்கியிருந்த சேலம் ஜில்லாவின் தொரப்பள்ளியிற் பிறந்தவர், மெலிந்த தேகி. உப்புச் சட்டத்தை மீற, 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி தொண்டர்களுடன் திருச்சியிற் புறப்பட்டு, சித்திரை வெயிலில் சுமார் 150 மைல் நடந்து 28-ஆம் தேதி வேதாரணியம் சேர்ந்தார். வயது 51. அதற்குச் சற்று முன் தண்டிக்குச் சுமார் 240 மைல் நடந்த மகாத்மாவுக்கோ வயது 60. அவரும் நாளொன்றுக்குச் சராசரி பத்து மைலே நடந்தார். திங்கட்கிழமை ஓய்வும் உண்டு. முதல் நாளே வீராவேசம் காட்டும் அன்பர்கள் இதைக் கவனிப்பார்களாக!

இன்று உலக சுகாதார ஸ்தாபனம் கேட்பதும் வாரத்திற்கு 150 நிமிஷ மிதமான அப்பியாசமே. தினம் அரைமணி வீதம் ஐந்து நாள். நமக்கோ தீர்த்தமலை பக்கத்திலேயே இருக்கிறது. வரும் சிவராத்திரிக்கு இளைப்பின்றிப் படியேறுவதென்று நாள் குறித்துக்கொள்ளலாம். நெஞ்சு நோவுள்ளவர்கள் முதலில் வைத்தியரைக் காண வேண்டும். இல்லத்தரசிகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்; அவர்களுடைய முழங்கால்களுக்கும் வயது ஐம்பதுதான்.