கன்றுக்கு முன் கால்வாய்

அலையாத்திக் காடுகளை மீட்கவேண்டும் என்னும் எண்ணம் அரசாங்கக் கொள்கையாகவே உருப்பெற்று, 2023ஆம் ஆண்டு மத்திய வரவுசெலவுத் திட்டத்தில் அதற்கென ‘மிஷ்டி’ என்னும் திட்டம் அறிவிக்கப்பட்டது மனமார வரவேற்கத்தக்கது. ஆயினும், எத்தனை லட்சம் கன்றுகள் நட்டோம் என்பதையே வெற்றியின் பிரமாணமாகக் கொள்வோமாயின், பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் விஞ்ஞானிகள் பெருஞ்சிரத்தையுடன் கண்டறிந்த உண்மையைப் புறக்கணித்தவர்களாவோம்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே விரிந்த அக்காட்டின் பல பகுதிகள் கட்டாந்தரையானபோது, விறகு வெட்டியும் மாடு மேய்த்தும் பிழைத்த கிராமத்து ஏழைகளே அதற்குக் காரணம் என்று அநேகர் கருதினர். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் வி. செல்வமும் அவருடைய சகாக்களும் 1990களில் மண்ணையும் நீரையும் ஆராய்ந்தபோது வேறொரு காரணம் வெளிப்பட்டது. ஆங்கிலேயர் காலந்தொட்டு மரங்களைப் பகுதி பகுதியாக அடியோடு வெட்டிவந்ததால், வெயில் பட்டு ஈரம் வற்றிய நிலம் தொட்டிபோல் தாழ்ந்து, அதில் புகுந்த ஓதநீர் வெளியேற வழியின்றித் தேங்கி ஆவியாகி, விழுந்த விதை வேர்கொள்ள இயலாத அளவுக்கு உப்பு மிகுந்திருந்தது.

ஆகவே, இயற்கை ஓடையிலிருந்து ஒரு பெருங்கால்வாயும், அதன் இருமருங்கும் மீன்முள் வடிவில் சாய்வாகப் பிரியும் சிறுகால்வாய்களும் வெட்டி, ஓதநீர் வந்து உப்பைக் கழுவிச் செல்ல வழிசெய்த பின்னரே அவர்கள் கன்றுகளை நட்டனர். பழி சுமந்த கிராமத்தாரையே வனத்துறையுடன் சேர்ந்து திட்டமிடவும், கால்வாய் வெட்டவும், காடு காக்கவும் செய்தனர். கையால் தடவி இறால் பிடித்து ஜீவிக்கும் இருளர் குடும்பங்களின் வாழ்க்கை நலனும் அவ்விஞ்ஞானிகளின் பணியில் ஓர் அங்கமாயிற்று. மக்களை விலக்கி வைக்கும் சாஸ்திரம் கடற்கரையில் நிலைக்காது என்பதற்கு இதைவிடத் தக்க சான்று வேண்டுவதில்லை.

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலையில், பிச்சாவரம் அமைந்த கடலூர் மாவட்டத்தில் மரங்களின் பின்னே இருந்த ஊர்கள் மறைப்பின்றி இருந்த ஊர்களினும் குறைவாகச் சேதமுற்றன என்பதை, செல்வமும் பங்குகொண்ட சர்வதேச ஆய்வொன்று மறு ஆண்டு ‘சயன்ஸ்’ இதழில் எடுத்துரைத்தது.

ஆயினும், இத்தகைய காட்டை மீட்கும் கால்வாய்கள் வண்டலால் தூர்ந்துபோகும் இயல்புடையவை. அவற்றைப் பராமரியாவிடில் பழைய உவர்ப்பே மீளும். ஆதலால், நடும் செலவோடு தூர்வாரும் செலவையும் அரசாங்கம் நிரந்தரமாக ஒதுக்கவேண்டும். ஐந்து ஆண்டுகள் கழிந்தும் உயிரோடு நிற்கும் மரங்களைக் கொண்டே பணியை மதிப்பிடவேண்டும். பராமரிக்கும் பொறுப்போடு அதற்குரிய அதிகாரத்தையும் அந்தந்தக் கிராமச் சபையிடம் ஒப்படைக்கவேண்டும். இம்மூன்றும் இல்லாத எந்தத் திட்டத்துக்கும் பொதுப்பணத்தைச் செலவிடுதல் நியாயமாகாது.