நற்கருணைப் பந்தியில் அரிஸ்டாட்டில்

அடிமைத்தனத்திற்கு நியாயம் கற்பித்தவர்கள் மூடர்கள் அல்லர். அறிவின் சிகரத்தில் நின்றவர்கள். கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் தம் 'அரசியல்' நூலில் அடிமையை உயிருள்ள உடைமையாகக் கண்டார். சிலர் இயற்கையாகவே ஆளப்படுவதற்கென்று பிறந்தவர் என்றும் வாதிட்டார்.

இதற்கு மாறாகத் திருத்தூதர் பவுல், கிறிஸ்துவில் அடிமையென்றும் உரிமைக் குடிமகனென்றும் வேற்றுமை இல்லை என்று கலாத்தியருக்கு எழுதினார். அடிமையான ஒனேசிமுவைச் சகோதரனாக ஏற்குமாறு பிலமோனை வேண்டினார். நான்காம் நூற்றாண்டில் நீசா நகர் ஆயர் புனித கிரகோரியார், இறைச்சாயலாகிய மனிதனுக்கு விலை குறிப்பதையே கண்டித்தார்.

இவற்றைச் சொல்லி நாம் மார்தட்டிக்கொள்கிறோம். அடித்தளம் உறுதியானதுதான், அதன்மேல் நாம் கட்டியது என்ன?

1452-இல் திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸ், கிறிஸ்தவர் அல்லாதோரை அடிமைப்படுத்தப் போர்த்துக்கல் மன்னருக்கு உரிமை வழங்கினார். 1537-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல், நம்பிக்கை கொள்ளாத மக்களையும் அடிமைப்படுத்தலாகாது என்று ஆணையிட்டார். நம் முத்துக்குளித்துறைப் பரதவர் திருமுழுக்குப் பெற்றதும் அந்த ஆண்டுகளிலேதான். ஆயினும் அடிமை வாணிபம் நிற்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டுப் பஞ்சங்களில் தமிழரை விலைக்கு வாங்கி இலங்கைக்கு ஏற்றிச் சென்றவர்களும் விவிலியம் வாசித்த டச்சுக்காரர்களே.

அயலாரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. வடக்கன்குளத்தில் வேளாளரும் நாடாரும் தனித்தனியே அமர்வதற்கென இரு கிளைகளாகத் திருக்குடும்ப ஆலயம் எழுப்பப்பட்டது. 1910-இல் இடையிலிருந்த தடுப்பு அகற்றப்பட்டபோது, உயர்ந்த சாதியினர் என்று தம்மைக் கருதியோர் மனம் மாறவில்லை, நீதிமன்றத்தின் படியேறினர். சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றனர். சமத்துவத்தைப் பலிபீடம் கற்பித்தும் கேளாதோருக்கு, அரசாங்க நீதிபதி கற்பிக்க வேண்டியதாயிற்று!

"சாதி வேறு, அடிமைத்தனம் வேறு, சாதி வெறும் சமூக வழக்கம்" என்பார் உண்டு. பிறப்பே மனிதனின் தகுதியை அறுதியிடுகிறது என்பதுதானே அரிஸ்டாட்டிலின் வாதம்? சாதியின் வாதம் வேறென்ன? பெயர் மாறியது, வேர் மாறவில்லை. சாதியால் பிரிக்கப்பட்ட கல்லறைத் தோட்டங்கள் தமிழகத் திருச்சபையில் இன்றும் உண்டு. ஒரே அப்பத்தில் பங்குகொண்டோருக்கு ஒரே மண் மறுக்கப்படுகிறது.

சமத்துவம் நாம் உலகிற்கு அளித்த கொடை என்று பெருமை பேசுவோரே, அதை முதலில் நம் கல்லறைக்கு அளியுங்கள். பவுலின் திருமுகத்தை வாசகமேடையில் வாசித்துவிட்டு அரிஸ்டாட்டிலின்படி வாழ்வது விசுவாசம் ஆகாது.